மீண்டும் மாணவரானார்
தில்லையிற் பிறந்த ஒரு விஞ்ஞானியின் வரலாறு

கோயில் என்று மட்டும் கூறினால் சைவ மக்களுக்கு அது சிதம்பரத்தையே குறிக்கும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்த எமது முன்னோர் கடல் கடந்து சென்று தரிசித்துவந்த தலம் அது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டில் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மட்டக்களப்புத் தமிழகத்துக் காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலானந்த அடிகள் 1931ஆம் ஆண்டில் அவ்வூரை அடுத்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். இவ்வாறு எமக்கு நெடுநாள் உறவுடைய அந்த ஊரில் 1952ஆம் ஆண்டிற் பிறந்த குழந்தை ஒன்று, ஐம்பத்தேழு ஆண்டுகளின் பின் உலகம் போற்றும் நோபல் பரிசைப் பெற்றது. அவரே மூலக்கூற்று உயிரியல் விஞ்ஞானியாகிய வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். அவரது வாழ்வையும் பணியையும் இவ்வாண்டு மலர் வாயிலாக எமது இளைஞர்களுக்கும் மூத்தோருக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

பெரியோர் ஒருவரின் வரலாற்றை எழுதுவோர் அவர் பெற்ற பட்டங்களையும் பரிசுகளையும் அடுக்கிக் கூறி அமைவது வழக்கம். யாம் அவ்வழிச் செல்லவில்லை. க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் வவுனியாவிலுள்ள வீடுகளில் நடப்பதை நாம் யாவரும் அறிவோம். வைத்தியபீடத்துக்கோ பொறியியற்பீடத்துக்கோ போதிய இசெட் புள்ளி பெற்ற பிள்ளையின் வீட்டிலே பாற்சோறு. ஒரு சிறு பின்னத்தால் அதனைத் தவறவிட்ட பிள்ளையின் வீட்டிலே இழவு வீட்டின் மௌனம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு தாளிற் பதியப்படும் அந்த எண்ணே ஒருவருடைய வாழ்வின் முடிந்த முடிபு என எம்மிற் பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு இராமகிருஷ்ணனுடைய வரலாற்றிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

சிதம்பரமும் பரோடாவும்

இராமகிருஷ்ணனின் தந்தையார் சி. வி. இராமகிருஷ்ணன் உயிர் இரசாயனவியல் அறிஞர். தாயார் இராஜலட்சுமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். குழந்தை பிறந்தபோது தந்தையார் ஐக்கிய அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சிறிது காலத்தின் பின் தாயாரும் தந்தையாரும் ஆராய்ச்சியின் பொருட்டுக் கனடாவுக்குச் செல்ல நேர்ந்தமையால், குழந்தை பாட்டன் பாட்டியரிடமும் அத்தையாரிடமும் வளர்ந்தது. 1955ஆம் ஆண்டளவிலே, குசராத்திலுள்ள பரோடா நகரின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியற் பகுதியைத் தொடக்கி நடத்தும் பொறுப்பு தந்தையாருக்குக் கிடைத்தது. மூன்று வயதுப் பாலகன் சிதம்பரத்தை விட்டுப் பரோடாவுக்குச் சென்றான். அவன் படித்ததும் வளர்ந்ததும் அங்கேயே.

தாயாரைப் பற்றியும் ஒரு சொல் இங்குக் கூறுதல் தகும். பிள்ளை பெற்ற பின்னரும் கல்வியை விடாத பெண்மணி அவர். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற்குச் சென்று உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். பின்னர் பரோடாவிலே போசாக்குத் துறையில் ஆய்வு செய்தவர். தாயும் தந்தையும் ஆய்வுகூடத்திலிருந்து வீடு திரும்பி, அங்கும் ஆய்வைப் பற்றியே பேசும் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் விஞ்ஞானிகள் ஆயினர். தங்கையார் லலிதா இராமகிருஷ்ணன் பரோடாவில் வைத்தியம் கற்று, கசநோய் பற்றிய ஆய்வுகளால் உலகறிந்த கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். பாடசாலையில் ரி. சி. பட்டேல் என்னும் ஆசிரியர் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் கற்பித்த முறையே தம்மை அத்துறைகளுக்கு ஈர்த்தது என்பதை இராமகிருஷ்ணன் நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

பாடசாலைக் கல்வி முடிந்தபோது அவருக்கும் எமது பிள்ளைகளுக்கு வரும் அதே சோதனை வந்தது. வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு நடந்த தெரிவிலே அவருக்கு இடமில்லை. ஐ. ஐ. ரி. எனப்படும் பெரிய தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் இடமில்லை. பரோடா வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மகன் வைத்தியராக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பமாகவும் இருந்தது. ஆயின் அதே வேளையில், அடிப்படை விஞ்ஞானம் கற்போருக்கென இந்திய அரசு வழங்கிய தேசிய விஞ்ஞானத் திறமைப் புலமைப்பரிசிலும் அவருக்குக் கிடைத்தது. இளைஞர் வைத்தியத்தை விடுத்துப் பௌதிகவியலைத் தெரிந்துகொண்டார். 1971ஆம் ஆண்டில் பரோடாவிலே விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்று, மேற்படிப்பின் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவின் ஓகாயோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

பௌதிகவியலிலிருந்து உயிரியலுக்கு

ஓகாயோவிலே ஒரு வகைப் பளிங்குகளின் மின்னியல்பு வெப்பநிலையோடு மாறும் விதத்தை ஆராய்ந்து, 1976ஆம் ஆண்டில் பௌதிகவியற் கலாநிதிப் பட்டம் பெற்றார். வயது இருபத்துநான்கு. ஓவியரும் சிறுவர் நூலாசிரியருமான வேரா றோசன்பரி அம்மையாரை மணந்து குடும்பத்தவராகவும் ஆகியிருந்தார். இந்நிலையில் உள்ள ஒருவரைப் பார்த்து, எமது ஊர்ப் பெரியோர், 'இனி என்ன, ஓர் உத்தியோகத்தைத் தேடிக்கொண்டு அமைதியாக இருக்கலாமே' என்றுதான் கூறியிருப்பர்.

அவரோ தம் உள்ளத்தைத் தாமே சோதித்தார். பௌதிகவியலில் தாம் செய்த ஆய்வு தமக்கு மனநிறைவு தரவில்லை என்பதை உணர்ந்தார். அக்காலத்தில் வெளிவந்த விஞ்ஞான சஞ்சிகைகளைப் படிக்குந்தோறும், உயிரியலிலே மாதத்துக்கு மாதம் பெரிய கண்டுபிடிப்புக்கள் நிகழ்வதைக் கண்டார். எனவே கலாநிதிப் பட்டம் பெற்ற கையோடு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உயிரியல் மாணவராய், முதல் வகுப்பிலிருந்து தொடங்கினார். கலாநிதி என்று அழைக்கப்பட வேண்டியவர், தம்மிலும் இளைய மாணவருடன் ஒரே வாங்கில் அமர்ந்து உயிரியலின் அரிச்சுவடியைப் படித்தார். இரண்டு ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. இரண்டாவது கலாநிதிப் பட்டம் பெறுவது அவர் நோக்கமன்று. கற்க வேண்டியதைக் கற்றதும் 1978ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, பீற்றர் மூர் என்னும் பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தார். அங்கேதான் அவர் தம் வாழ்நாள் முழுவதும் ஆராயப்போகும் பொருளை எதிர்கொண்டார். அதன் பெயர் இறைபோசோம்.

இறைபோசோம் என்பது யாது?

இச்சொல்லை உயிரியல் மாணவர் அறிவர். ஏனையோரின் பொருட்டுச் சிறிது விளக்குவோம். எமது உடலும், வயலில் நிற்கும் நெல்லும், கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாவும் யாவும் கலங்களால் ஆனவை. ஒவ்வொரு கலத்திலும் டி. என். ஏ. என்னும் நீண்ட ஏடு உண்டு. அதிலே அக்கலம் செய்யவேண்டிய புரதங்கள் யாவற்றுக்கும் உரிய விதிகள் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டுள்ளன. அவ்வேட்டின் இரட்டைச் சுருள் வடிவத்தை 1953ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலே உவாற்சனும் கிறிக்கும் கண்டறிந்தனர். மூன்று எழுத்துக்கள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்னும் குறிமுறையைத் தெளிவாக்கியதற்காகப் பஞ்சாபிற் பிறந்த கர் கோவிந்த் கொரானா 1968ஆம் ஆண்டில் வேறிருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும் ஏட்டில் எழுதியிருப்பதனால் மட்டும் காரியம் நடந்துவிடாது. அதனை வாசித்து, அதன்படி செய்ய ஒருவர் வேண்டும். கோயிலிலே மாலை கட்டுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ வரவேண்டும் என்று எழுதிய ஓலையின் பிரதி ஒன்று அவர் முன் கிடக்கிறது. கூடைக்காரர் ஒவ்வொரு பூவாகக் கொண்டுவந்து நீட்டுகின்றனர். ஓலையைப் பார்த்து, உரிய பூவை மட்டும் ஏற்று, உரிய வரிசையில் அவர் தொடுக்கின்றார். கலத்திலே அந்த மாலை கட்டுபவரே இறைபோசோம். இருபது வகை அமினோ அமிலங்களே பூக்கள். தொடுத்து முடிந்த மாலையே புரதம். இரத்தத்திற் பிராணவாயுவைச் சுமப்பதும், உண்ட சோற்றைச் சமிக்கச் செய்வதும், தசையை அசைப்பதும் இத்தகைய புரதங்களே. இறைபோசோம் நின்றால் உயிர் நிற்கும்.

இத்துணைப் பெரிய வேலையைச் செய்யும் அப்பொறியின் அளவோ மிகச் சிறிது. ஒரு மில்லிமீற்றரை ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே அதன் அகலம். 1950களில் ஜோர்ஜ் பலாடே என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அதனைச் சிறு மணிகளாகக் கண்டார். மணிகள் தெரிந்தன, மணிக்குள் இருப்பது தெரியவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட புரதங்களும், ஆர். என். ஏ. என்னும் நீண்ட இழைகளும் பின்னிப் பிணைந்து, சிறு பகுதி, பெரும் பகுதி என இரண்டாய் அமைந்த அந்தப் பொறியின் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்பதை அறிவது நடவாத காரியம் என்றே அறிஞர் பலர் எண்ணியிருந்தனர்.

இருபது ஆண்டு உழைப்பு

யேல் பல்கலைக்கழகத்தில் இராமகிருஷ்ணனும் அவருடன் பணியாற்றியோரும் நியூத்திரன் கதிர்களைக் கொண்டு, இறைபோசோமின் சிறு பகுதியிலுள்ள புரதங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் அமைந்துள்ளன என்பதை அளந்தனர். நான்கு ஆண்டுகள் அங்கே உழைத்தபின் நிலையான பதவி தேடினார். ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார். ஒன்றேனும் அவரை ஏற்கவில்லை. பௌதிகவியலிற் பட்டம், உயிரியலில் ஆய்வு. ஆதலின் எத்துறையினரும் அவரைத் தம்மவராகக் கொள்ளவில்லை போலும். ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தில் சிறிது காலம் இருந்தார். தாம் விரும்பிய ஆய்வைத் தம் விருப்பப்படி செய்யும் வசதி அங்கு வாய்க்கவில்லை. 1983ஆம் ஆண்டில் புறூக்கேவன் தேசிய ஆய்வுகூடத்திற் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே பணியாற்றினார்.

அங்கே அவர் மற்றோர் உண்மையை எதிர்நோக்கினார். தாம் திறம்படக் கற்ற நியூத்திரன் முறை இறைபோசோமின் அணு அமைப்பைக் காட்டப் போதாது. அதனைக் காட்டவல்லது எக்ஸ் கதிர்ப் பளிங்கியல் ஒன்றே. அதனை அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை. 1991ஆம் ஆண்டில், முப்பத்தொன்பதாம் வயதில், ஓராண்டு விடுமுறை பெற்றுக் கேம்பிரிட்ஜிலுள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்துக்குச் சென்று அக்கலையைக் கற்றார். இவ்வாறு இரண்டாம் முறையும் அவர் மாணவரானார்.

பளிங்கியல் என்பது என்ன? வவுனியாக் குளத்தில் வரிசையாகக் கம்புகள் நாட்டியிருப்பதாகக் கொள்வோம். இருட்டு நேரம், கம்புகள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கத்திலிருந்து அலையை எழுப்பினால், அது கம்புகளில் மோதிச் சிதறி அணைக்கட்டை வந்தடையும். அணைக்கட்டில் நிற்பவர் எந்த இடத்தில் அலை உயர்ந்தது, எந்த இடத்தில் தாழ்ந்தது என்று குறித்துக்கொண்டு, கணக்கிட்டுக் கம்புகளின் இடத்தைக் கூறலாம். அலைக்குப் பதிலாக எக்ஸ் கதிரையும், கம்புகளுக்குப் பதிலாக அணுக்களையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அணுக்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கவேண்டுமாயின், இலட்சோப இலட்சம் இறைபோசோம்கள் ஒரே மாதிரி அடுக்கப்பட்ட பளிங்காக அவை மாறவேண்டும். உப்புக்கல் எளிதிற் பளிங்காகும். பஞ்சுப்பொதி போன்ற இறைபோசோம் எளிதிற் பளிங்காகாது.

இத்துறையில் முதலில் துணிந்து இறங்கியவர் இஸ்ரவேல் நாட்டு அம்மையாரான ஆடா யோனத். 1980ஆம் ஆண்டளவிலேயே அவர் இறைபோசோமின் பெரும் பகுதியைப் பளிங்காக்கத் தொடங்கினார். நடவாத வேலை என்று பிறர் நகைத்தபோதும் அவர் விடவில்லை. கொதிநீரூற்றிலும் சாக்கடலிலும் வாழும் நுண்ணுயிர்களின் இறைபோசோம் உறுதியானது எனக் கண்டு, அவற்றையே ஆய்வுக்குத் தெரிந்தார். 1987ஆம் ஆண்டில் ரஷிய அறிஞர்களும் கொதிநீரிலே வாழும் ஒரு பற்றீரியாவின் இறைபோசோமைப் பளிங்காக்கினர். யேலில் தோமஸ் ஸ்ரைற்ஸ் என்பவர் பெரும் பகுதியை ஆராய்ந்தார். இராமகிருஷ்ணன் சிறு பகுதியைத் தமக்கென வரித்துக்கொண்டார்.

1995ஆம் ஆண்டில் யூற்றாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். நல்ல பதவி, நல்ல ஊதியம். ஆயினும் பல ஆண்டுகள் பலன் தராதிருக்கக்கூடிய ஆய்வைப் பொறுமையுடன் தாங்கவல்ல இடம் கேம்பிரிட்ஜே என அவர் கருதினார். அந்த ஆய்வுகூடத்தை நிறுவிய மக்ஸ் பெறுற்ஸ் என்பார், இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் என்னும் ஒரே புரதத்தின் அமைப்பை அறிய இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அத்தகைய உழைப்பைப் போற்றும் இடத்துக்கு, வருமானம் வெகுவாகக் குறையும் என்று தெரிந்தே, 1999ஆம் ஆண்டில் இராமகிருஷ்ணன் சென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு.

அதே ஆண்டில் அவரது குழுவினர் சிறு பகுதியின் பருமட்டான வடிவத்தை வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பிறையன் விம்பேளி முதலிய சகாக்களுடன் சேர்ந்து அதன் அணு அமைப்பை முழுமையாக வெளியிட்டார். ஸ்ரைற்ஸ் குழுவினரின் பெரும் பகுதி அதற்கு முந்திய மாதத்தில் வெளியாயிற்று. யோனத் அம்மையாரின் குழுவும் அதே செப்டெம்பரில் சிறு பகுதியின் அமைப்பை வெளியிட்டது. மனித குலம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிய விடை இரண்டு மாதங்களுக்குள் வெளிப்பட்டது எனலாம்.

அதன் பின்னரும் இராமகிருஷ்ணன் ஓய்ந்திருக்கவில்லை. மாலை கட்டுபவர் பிழையான பூவை எவ்வாறு அறிந்து தள்ளுகிறார் என்னும் வினாவுக்கு விடை கண்டார். ஓலையின் மூன்றெழுத்தும், அமினோ அமிலத்தைச் சுமந்து வருவதன் மூன்றெழுத்தும் பொருந்துகின்றனவா என்பதை, இறைபோசோமின் சிறு பகுதியே அளவுகோல் வைத்துப் பார்ப்பதுபோல் அளந்து பார்க்கிறது என்பதை 2001ஆம் ஆண்டில் அவரது குழு காட்டியது. ஆயிரக்கணக்கான பூக்களைத் தொடுக்கையிலும் பிழை ஒன்றிரண்டுக்கு மேல் வாராமைக்கு இதுவே காரணம். 2009ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆந் திகதி, இரசாயனவியலுக்கான நோபல் பரிசு இராமகிருஷ்ணன், ஸ்ரைற்ஸ், யோனத் ஆகிய மூவருக்கும் சமமாக அறிவிக்கப்பட்டது.

எமது வயலும் அவரது ஆய்வும்

இவையெல்லாம் கேம்பிரிட்ஜில் நடந்த செய்திகள். எமக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். தொடர்பு எமது வயல் வரம்பிலேயே உண்டு.

காலபோகத்துக்கு மழை பெய்து வயல் உழும் காலத்தில் எமது கமக்காரரை அச்சுறுத்துவது எலிக்காய்ச்சல். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த சேற்று நீரிலிருந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியே பற்றீரியா உடலினுட் புகுகின்றது. கவனியாது விட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்து உயிரையும் கவரும். 2024ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்நோய் பரவிச் சிலரின் உயிரைக் குடித்ததை நாம் மறந்துவிடவில்லை. இந்நோய் வராமற் காக்கும்பொருட்டுச் சுகாதாரப் பகுதியினர் கமக்காரருக்கு டொக்சிசைக்கிளின் என்னும் குளிசையை வழங்குகின்றனர். அக்குளிசை செய்வது யாது? பற்றீரியாவின் இறைபோசோமிலுள்ள சிறு பகுதியிற் சென்று ஒட்டிக்கொண்டு, புதிய அமினோ அமிலம் வந்து அமரும் இடத்தை அடைத்துவிடுகிறது. பூ நீட்டும் கை உள்ளே வரமுடியாது, மாலை நின்றுவிடுகிறது, பற்றீரியா பெருக வழியின்றிப் போகிறது. டொக்சிசைக்கிளினின் குடும்பத்தைச் சேர்ந்த ரெற்றாசைக்கிளின் எந்த இடத்தில் எவ்வாறு ஒட்டுகிறது என்பதை அணு அளவிற் படம்பிடித்துக் காட்டிய குழுக்களில் இராமகிருஷ்ணன் குழுவும் ஒன்று. கசநோயை வென்ற முதல் மருந்தாகிய ஸ்ரெப்டோமைசின் ஒட்டும் இடத்தையும் அவர்கள் 2000ஆம் ஆண்டிலேயே காட்டினர்.

பற்றீரியாவின் இறைபோசோமும் மனிதருடைய இறைபோசோமும் அமைப்பிற் சிறிது வேறுபட்டவை. அதனாலேயே அம்மருந்துகள் அதனைத் தாக்கி எம்மை விடுகின்றன. இவ்வேறுபாட்டை அணு அணுவாக அறிந்தால், பழைய மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாக்களுக்கு எதிராகப் புதிய மருந்துகளை வகுக்க வழி பிறக்கும். வைத்தியர் தந்த நுண்ணுயிர்கொல்லிக் குளிசையை, காய்ச்சல் தணிந்தது என்று பாதியில் நிறுத்துவதும், தேவையின்றி வாங்கி விழுங்குவதும் அத்தகைய அடங்காப் பற்றீரியாக்களை வளர்க்கும் செயல்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகின்றோம்.

வைத்தியக் கல்லூரிக்குச் செல்லாத இளைஞர் ஒருவர், வைத்தியர் கையிலுள்ள மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பதை உலகுக்கு விளக்கினார். வைத்தியபீடத்தின் வாயில் ஒன்றே மனிதருக்குத் தொண்டு செய்யும் வாயில் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

நம்மவர் என்னும் பெருமை

நோபல் பரிசுச் செய்தி வெளியானதும் இந்தியா எங்கும், சிறப்பாகத் தமிழகத்தில், பெருங்களிப்பு எழுந்தது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமன் 1930ஆம் ஆண்டிலும், தமிழ்ப் பெற்றோருக்கு லாகூரிற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983ஆம் ஆண்டிலும் பௌதிகவியலுக்கான பரிசைப் பெற்றனர். இவர் மூன்றாமவர் என மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி இயல்பானதே. ஆயின் அது எல்லை கடந்தது. முன்பின் அறியாதவர்களின் கடிதங்கள் வெள்ளமெனக் குவிந்தன. அவர் சிதம்பரத்திற் படித்தார் என்றும், அவருக்குத் தாமே அங்கே கற்பித்ததாகவும் கூறிப் பத்திரிகைகளிற் பெயர் பெற்றோரும் இருந்தனர். மூன்று வயதில் ஊரை விட்டுச் சென்றவருக்கு அங்கே கற்பித்தவர் யார்? இராமகிருஷ்ணன் இதனை வெளிப்படையாகவே கண்டித்தார். ஒருவர் எந்த நாட்டிற் பிறக்கிறார் என்பது தற்செயல். விஞ்ஞானத்தில் ஆர்வம் கொள்வதே முக்கியம் என்பது அவர் கூறியதன் சாரம். அது அன்று சிலருடைய மனத்தைப் புண்படுத்தியது உண்மையே.

யாமும் இக்கட்டுரையைச் சிதம்பரத்திலிருந்தே தொடங்கினோம். எனவே அக்கண்டனத்தில் ஒரு பங்கை நாமும் ஏற்கவேண்டியவர்களே. அவரை உருவாக்கியவை எவை என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தால், சிதம்பரத்திலே சீராட்டிய அத்தையார், பரோடாவிலே கற்பித்த பட்டேல் ஆசிரியர், மீண்டும் மாணவராக இடமளித்த அமெரிக்கப் பல்கலைக்கழகம், பொறுமை காத்த கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடம், உடன் உழைத்த பல நாட்டு இளைஞர் என அப்பட்டியல் நீளும். 'நம்மவர்' என்று கைதட்டுவதாற் பெறுவது ஒன்றுமில்லை. அவர் செய்ததுபோல் நாமும் செய்ய முயல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

பரிசின் பின் வந்த சிறப்புக்களையும் சுருக்கமாகக் கூறுவோம். 2010ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மவிபூஷண் விருது வழங்கியது. 2012ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் சேர் பட்டம் கிடைத்தது. 1660ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, ஒரு காலத்தில் நியூற்றன் தலைமை வகித்த றோயல் சங்கத்துக்கு 2015 முதல் 2020 வரை இராமகிருஷ்ணன் தலைவராய் இருந்தார். இந்திய வம்சத்தவர் ஒருவர் அப்பதவியை வகித்தது அதுவே முதன்முறை. 1914ஆம் ஆண்டில் கும்பகோணத்துக் கணித மேதை இராமானுஜன் சென்றடைந்த திரினிற்றிக் கல்லூரியிலேயே இவரும் உறுப்பினர். 2018ஆம் ஆண்டில் இறைபோசோம் ஆய்வின் கதையைத் தாமே ஒரு நூலாக எழுதினார். போட்டியும் பொறாமையும் பரிசு ஆசையும் விஞ்ஞானிகளிடத்தும் உண்டு என்பதையும், தம் வெற்றியில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பதையும் அதிலே ஒளியாமற் கூறியுள்ளார். முதுமையும் மரணமும் பற்றிய அவரது நூல் 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எமக்குரிய பாடம்

இப்பரிசு அறிவிக்கப்பட்ட 2009ஆம் ஆண்டை வவுனியா மக்களாகிய நாம் வேறொரு காரணத்தால் என்றும் மறவோம். அவ்வாண்டு மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. செட்டிகுளத்து மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடாரங்களில் இருந்தனர். எமது பாடசாலைகள் பலவும் முகாம்களாயின. பெற்றோரை இழந்தவரும் புத்தகங்களை இழந்தவருமாகிய மாணவர், முகாமுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். அவ்வேளையிலே, தமிழர் ஒருவர் நோபல் பரிசு பெற்றார் என்ற செய்தி எமது காதில் விழுந்ததா என்பதும் ஐயமே. விழுந்திருப்பினும் அதனால் நெஞ்சு நிமிர்த்தும் நிலையில் நாம் இருக்கவில்லை.

அன்று படிப்பை இடையில் விட்டவர்கள் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். கடைகளிலும் வயல்களிலும் வெளிநாடுகளிலும் அவர்கள் உழைக்கின்றனர். 'எங்களுடைய காலம் போய்விட்டது' என்று அவர்களிற் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். அவர்களுக்கும், இவ்வாண்டு பெறுபேறு கண்டு மனம் சோர்ந்திருக்கும் தம்பி தங்கையருக்கும் நாம் கூற விரும்புவது ஒன்றே. இருபத்துநான்கு வயதில் ஒருவர் முதல் வகுப்புக்குத் திரும்பினார். முப்பத்தொன்பது வயதில் மறுபடியும் கற்கத் தொடங்கினார். நாற்பத்தேழு வயதில் குறைந்த ஊதியத்தை ஏற்றார். ஐம்பது விண்ணப்பங்கள் பயனின்றிப் போயின. வந்த ஒவ்வொரு தடையின் முன்னும் அவர் தம்மைக் கேட்ட கேள்வி, 'நான் இன்னும் எதைக் கற்கவேண்டும்' என்பதே. அவருக்கு வாய்த்த வசதிகள் எமக்கு இல்லை என்பது மெய். படித்த பெற்றோரும் அமைதியான நாடும் அவருக்கு இருந்தன. அவ்வேறுபாட்டை மறைத்து உபதேசம் செய்ய நாம் வரவில்லை. ஆயினும் கற்கும் துணிவுக்கு வயதெல்லை இல்லை என்னும் உண்மை அவ்வேறுபாட்டால் மாறிவிடாது.

வசதிகளும் முற்றாக இல்லாமற் போகவில்லை. 1991ஆம் ஆண்டில் ஓர் இணைந்த கல்லூரியாகத் தொடங்கி, பின்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாயிருந்த நிறுவனம் 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் தனிப் பல்கலைக்கழகமாய்ப் பம்பைமடுவில் விளங்குகின்றது. பிரயோக விஞ்ஞானபீடமும் அங்கு உண்டு. எமது பிள்ளைகள் விஞ்ஞானம் கற்கக் கடல் கடக்கவேண்டிய காலம் கழிந்தது. அங்கே நுழையும் மாணவர், 'வைத்தியம் கிடைக்கவில்லை, ஆதலால் இங்கு வந்தேன்' என்று தலை குனியாது, 'கற்க வந்தேன்' என்று தலை நிமிர்ந்து செல்வாராக.

மூத்தோருக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்து இக்கட்டுரையை நிறைவு செய்கின்றோம். கோயில் வீதியிலோ கலியாண வீட்டிலோ ஓர் இளைஞரைக் காணும்போது, 'இது எத்தனையாந் தடவை, புள்ளி எவ்வளவு' என்று கேட்பது எமது வழக்கம். அந்த ஒரு கேள்வி எத்தனை பிள்ளைகளை வீட்டுக்குள் ஒளிந்திருக்கச் செய்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இனி அதனை விடுத்து, 'இப்போது என்ன படிக்கிறாய் தம்பி, என்ன படிக்கிறாய் பிள்ளை' என்று கேட்போமாக. விடை கூற அவர்களுக்கு ஏதேனும் இருக்குமாறு நூல்களையும் வகுப்புக்களையும் ஏற்படுத்துவது எமது சங்கத்தின் கடமையாகுக.